கறுக்காத போத்தல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"உங்கட வேலையைப் பற்றிக் கதையுங்கோ. ஆனால் எங்களுக்கு விளங்கவேணும்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். என் வேலை நாற்றத்தோடு சம்பந்தப்பட்டது. விழா மேடைக்கு அது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் அந்த நாற்றத்தை அறியாதவர் ஒருவரும் இருக்க முடியாது. விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்கள் கிப்பின் உபகரணத்தை மறந்திருக்க மாட்டார்கள். இரும்புச் சல்பைட்டின் மேல் ஐதான அமிலம் பட்டதும் ஐதரசன் சல்பைட்டு வாயு எழும். கலைப்பிரிவில் படித்தவர்களும் அதை மறந்திருக்க மாட்டார்கள். "கூழ்முட்டை மணக்குது, யன்னலைச் சாத்துங்கோ" என்று சத்தம் போட்டவர்கள் அவர்கள்தான்.

அதே நாற்றம் ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் இருந்தது. பரவைக்கடற் கரையில் தென்னமட்டை தாட்ட கிடங்கைக் கிளறும்போது வந்தது. கண்டல் வேர்களுக்கிடையே கால் புதைந்து, இழுத்தெடுத்த காலில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தபோதும் வந்தது. அந்தச் சேற்றில் விழுந்த வெள்ளிக் கொலுசு இரண்டு நாளில் கறுத்துப் போகும். வாயுவும் கறுப்பும் ஒரே வேலையின் இரண்டு அடையாளங்கள். அந்த வேலையைச் செய்பவை சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியாக்கள். அவற்றைக் கடல்நீரிலிருந்து எடுத்து வளர்ப்பதும், வேண்டாத இடத்தில் கட்டுப்படுத்துவதுமே என் தொழில்.

அவை என்ன செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் உணவை உண்கிறோம். அந்த உணவிலிருந்து சக்தி பெற ஒட்சிசனைச் சுவாசிக்கிறோம். ஒட்சிசன் எட்டாத சேற்றின் அடியில் வாழும் இந்தப் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைச் சுவாசிக்கின்றன. நம் சுவாசத்தின் முடிவில் ஒட்சிசன் நீராக மாறுகிறது. அவற்றின் சுவாசத்தின் முடிவில் சல்பேற்று ஐதரசன் சல்பைட்டாக மாறுகிறது. அந்தச் சல்பைட்டு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்புச் சல்பைட்டாகிறது. கடலில் இவற்றுக்குச் சுவாசப் பஞ்சமே இல்லை. ஒரு இலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. குளோரைட்டுக்கும் சோடியத்துக்கும் அடுத்ததாகக் கடலில் கரைந்துள்ள பொருள்களில் நிறையால் மூன்றாவது இடம் இதற்குத்தான்.

இவற்றை முதன்முதலில் வளர்த்துக் காட்டியவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க். ஆண்டு 1895; இடம் டெல்ஃப்ட் நகரம். ஒல்லாந்தர் எங்கள் நெடுந்தீவுக்குச் சூட்டிய பெயர் அந்த நகரத்தின் பெயர்தான். 1934ஆம் ஆண்டு அதே நாட்டைச் சேர்ந்த ஃபொன் வொல்சோகன் கியூர், ஃபன் டெர் ஃப்லுக்ட் என்ற இருவர், நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடந்த வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏன் அரிக்கப்படுகின்றன என்பதற்கு இந்தப் பற்றீரியாக்களைக் காரணமாகக் காட்டினார்கள். இரும்பு துருப்பிடிக்கக் காற்று வேண்டும் என்றே நாம் படித்தோம். காற்றில்லாத இடத்திலும் இரும்பு அழியும் என்பது அன்றைய பொறியியலாளர்களுக்குப் புதிய பாடம். அப்படி அரிக்கப்பட்ட வார்ப்பிரும்பில் இரும்பு போய்க் காரீயம் மட்டும் மிஞ்சும். வெளியே பார்த்தால் முழுக் குழாய். கத்தியால் சீவினால் பென்சில் போலச் சீவுப்படும்.

இனி வளர்க்கும் முறைக்கு வருகிறேன். சமையற் குறிப்பு மாதிரியே சொல்கிறேன். பிரித்தானிய நுண்ணுயிரியலாளர் ஜோன் போஸ்ட்கேற் வகுத்த வளர்ப்பூடகம் இன்றைக்கும் பல ஆய்வுகூடங்களில் பயன்படுகிறது. ஒரு இலீற்றருக்கு உணவாகச் சோடியம் இலற்றேற்று 3.5 கிராம், மதுவச்சாறு 1 கிராம், அமோனியம் குளோரைட்டு 1 கிராம், பொசுபேற்று உப்பு அரைக் கிராம். சுவாசத்துக்குக் கல்சியம், மகனீசியம் சல்பேற்றுக்கள். கறுப்பதற்குப் பெரசு சல்பேற்று அரைக் கிராம். கடைசியாக, மீதி ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ள அஸ்கோபிக் அமிலமும் தயோகிளைக்கொலிக் அமிலமும் 0.1 கிராம் வீதம். அஸ்கோபிக் அமிலம் என்பது நாம் தேசிக்காயில் குடிக்கும் உயிர்ச்சத்து சீ தான். இந்தக் கடைசி இரண்டையும் சேர்க்காமல் விட்டால் மற்றவையெல்லாம் சரியாக இருந்தும் போத்தல் வெறும் போத்தலாகவே இருக்கும். ஒட்சிசன் இல்லாவிட்டால் மட்டும் போதாது. இந்தப் பற்றீரியாக்கள் வளரத் தொடங்க ஊடகமே தாழ்த்தும் இயல்புடையதாக இருக்கவேண்டும் என்பது போஸ்ட்கேற் வலியுறுத்திய விடயம்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. மேற்பரப்பில் அலையடிக்கும் தெளிந்த நீரில் ஒட்சிசன் நிறைந்திருக்கும்; அங்கே இவை மிகக் குறைவு. ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே, சேறு மண்ணிறத்திலிருந்து கறுப்பாக மாறும் இடத்தில் எடுக்கவேண்டும். எடுத்ததைப் போத்தலின் வாய்வரை நிரப்பி மூடவேண்டும். மேலே காற்று நிற்கக் கூடாது. ஆய்வுகூடத்தில், கொதிக்கவைத்து ஒட்சிசனை வெளியேற்றிய ஊடகத்தில் இறப்பர் மூடியூடாக ஊசியால் ஒரு மில்லிலீற்றர் செலுத்துவோம். அதிலிருந்து ஒரு மில்லிலீற்றரை அடுத்த போத்தலுக்கு, அதிலிருந்து மற்றதற்கு என்று பத்துப் பத்து மடங்காக ஐதாக்கிக்கொண்டு போவோம். எத்தனையாவது போத்தல்வரை கறுக்கிறது என்பதைக் கொண்டு மாதிரியில் எத்தனை பற்றீரியாக்கள் இருந்தன என்று மதிப்பிடலாம். சில போத்தல்கள் இரண்டு மூன்று நாளில் மை போலக் கறுத்துவிடும். சில மூன்று கிழமைக்குப் பிறகே கறுக்கும். ஆகவே 28 நாள் பார்த்திருப்பது வழக்கம்.

இப்போது என் பிழையைச் சொல்லவேண்டும். இந்தப் பேச்சுக்கு நான் ஒப்புக்கொண்டதே அதைச் சொல்வதற்காகத்தான்.

வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொழிற்சாலையின் கடல்நீர்க் குழாயிலிருந்து மாதிரி வந்தது. இயந்திரங்களைக் குளிரவைக்கக் கடல்நீரைக் கொண்டுபோகும் உருக்குக் குழாய். எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பெரும்பாலும் வருபவை நன்னீர் மாதிரிகள். ஆகவே நன்னீரில் தயாரித்த ஊடகம்தான் அலுமாரியில் தயாராக இருந்தது. அதிலேயே செலுத்தினேன். 28 நாள் காத்திருந்தேன். ஒரு போத்தலும் கறுக்கவில்லை. "சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியா இல்லை" என்று அறிக்கை எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

சில மாதங்களின் பின் அந்தக் குழாய் ஊசித்துளைகளாக ஒழுகத் தொடங்கியது. திருத்த வந்தவர்கள் ஒடுக்கமான ஓர் அறைக்குள் குழாயைத் திறந்தார்கள். ஆபத்தான வாயு இருக்கலாம் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஏன் எதிர்பார்க்கவேண்டும்? இல்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தது நான் அல்லவா? ஒருவர் தலைசுற்றி விழுந்தார். மற்றவர்கள் உடனே வெளியே இழுத்துவந்ததால் தப்பினார். குழாயின் உட்புறத்தில் மண்ணிறப் பொருக்கு. அதற்கடியில் கறுப்புக் களி. அந்தக் களியைக் கடல்நீரில் தயாரித்த ஊடகத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் போத்தல் கறுத்திருந்தது. கடலில் வாழப் பழகியவற்றை நன்னீரில் விட்டுவிட்டு, அவை வளரவில்லை என்பதால் அவை இல்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அன்று இரவு எனக்கு இந்தப் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் செய்முறைக் கொப்பியில் மூன்று நிரல்கள் இருந்தன: பரிசோதனை, அவதானம், அனுமானம். ஒருநாள் நான் அவதானம் என்ற நிரலில் "ஈயம் இல்லை" என்று எழுதிக் கொண்டுபோனேன். ரீச்சர் சிவப்பு மையால் அதை வெட்டிவிட்டு, "இல்லை என்றதை எந்தக் கண்ணால பிள்ளை கண்டனீர்?" என்று கேட்டார். கறுப்பு வீழ்படிவு தோன்றவில்லை என்பதுதான் நான் கண்டது. ஈயம் இல்லை என்பது அதிலிருந்து நான் நினைத்தது. கண்டதும் நினைத்ததும் ஒரே நிரலில் வரக்கூடாது. பதினேழு வயதில் அது எனக்குப் புள்ளி வெட்டும் சாட்டாகவே தெரிந்தது. அந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு மனிதருடைய மூச்சு இருக்கலாம் என்பது பின்னர்தான் விளங்கியது.

என் பிழை தனிப்பட்ட ஒன்றாக இருந்தாலும், இந்தத் துறையே நெடுங்காலம் அதையொத்த ஒரு மயக்கத்தில் இருந்தது. எல்லோரும் இலற்றேற்றை உணவாகக் கொடுத்தார்கள். இலற்றேற்றை உண்பவை வளர்ந்தன. ஆகவே இவை ஒருசில எளிய உணவுகளையே உண்ணும் சிறிய கூட்டம் என்று கருதப்பட்டது. ஜேர்மனியைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் விடெலும் நோபேட் ஃபெனிக்கும் வேறு உணவுகளை வைத்துப் பார்த்தார்கள். அசற்றேற்றை வைத்தபோது, அதை உண்டு முற்றாகக் காபனீரொட்சைட்டாக்கும் புதிய வகைகள் கடற்சேற்றிலிருந்து வளர்ந்தன. 1981இல் விபரித்த அத்தகைய ஒன்றுக்கு டிசல்போபக்ரர் போஸ்ட்கேற்றி என்று மூத்தவரின் பெயரையே வைத்தார்கள். அதன் பிறகு இந்தக் குடும்பம் பெருகிக்கொண்டே போனது. நாம் என்ன பரிமாறுகிறோமோ அதை உண்பவர்தான் பந்திக்கு வருவார். வராதவர் ஊரில் இல்லை என்று சொல்லமுடியாது.

வளர்ப்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் உண்டு. கட்டுப்படுத்தும் வழிகள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. ஒன்று வளர எவை வேண்டும் என்று தெரிந்தால், எதை எடுத்துவிடலாம் என்பதும் தெரியும்.

வடகடல் எண்ணெய்க் கிணறுகள் இதற்கு நல்ல உதாரணம். எண்ணெய் எடுக்க எடுக்கப் பாறைக்குள் அமுக்கம் குறையும். அதை ஈடுசெய்யக் கடல்நீரை உள்ளே செலுத்துவார்கள். கடல்நீரோடு சல்பேற்றும் போகிறது. பாறைக்குள் எண்ணெயோடு இருக்கும் கொழுப்பமிலங்கள் உணவாகின்றன. ஒட்சிசன் இல்லை. போஸ்ட்கேற்றின் போத்தலை மலையளவில் செய்துவைத்த மாதிரித்தான். சில ஆண்டுகளில் எண்ணெயோடு ஐதரசன் சல்பைட்டும் மேலே வரத் தொடங்கும்.

முதலில் எல்லோரும் நஞ்சையே நம்பினார்கள். குளோரீன், குளுட்டரல்டிகைட்டு போன்றவற்றை நீரில் கலந்தார்கள். போத்தலில் நீந்தும் பற்றீரியாவை இவை எளிதாகக் கொல்லும். குழாயில் நிலைமை வேறு. அங்கே பற்றீரியாக்கள் சுவரோடு ஒட்டி, தாமே சுரந்த பசைப்படலத்துக்குள் பல இனங்களாகக் கூடி வாழ்கின்றன. மேலே இருப்பவை எஞ்சிய ஒட்சிசனை முடித்துவிட, அடியில் இருப்பவைக்கு வசதி. நஞ்சு மேற்படையைக் கொன்று அங்கேயே செலவாகிவிடும், அடிப்படை பிழைத்துக்கொள்ளும். செத்த மேற்படை மற்றவற்றுக்கு உணவாகும். எண்ணெய் பிடித்த சட்டியைத் தேய்க்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவுவது போன்றது இது. ஆகவே குழாய்க்குள் சுரண்டியை அனுப்பிப் படலத்தைச் சுரண்டிய பிறகே நஞ்சு பயன் தரும்.

இரண்டாவது வழி, சுவாசத்தை எடுத்துவிடுவது. மிக நுண்ணிய துளைகளுள்ள மென்சவ்வுகளூடாகக் கடல்நீரை அமுக்கிச் செலுத்தினால் சல்பேற்றின் பெரும்பகுதி பின்தங்கிவிடும். இந்த முறை முதலில் குழாய்களில் பேரியம் சல்பேற்றுப் படிவதைத் தடுக்கவே பயன்பட்டது. பற்றீரியாவுக்கும் அது பஞ்சத்தை உண்டாக்கியது.

மூன்றாவது வழியே எனக்கு மிகவும் பிடித்தது. சல்பேற்றைச் சுவாசிப்பதைவிட நைத்திரேற்றைச் சுவாசிப்பதில் கூடுதல் சக்தி கிடைக்கும். ஆகவே நீரில் நைத்திரேற்றைச் சேர்த்தால், அதைப் பயன்படுத்தும் வேறு பற்றீரியாக்கள் பெருகி, உணவை முந்திக்கொண்டு உண்டுவிடும். அவற்றுட் சில ஏற்கெனவே உண்டான சல்பைட்டையும் ஒட்சியேற்றிவிடும். இடையில் உண்டாகும் நைத்திரைற்று, சல்பேற்றுத் தாழ்த்துபவற்றின் நொதியத்தையே தடுக்கும். 1999ஆம் ஆண்டு நோர்வேயின் வெஸ்லெஃப்ரிக், குல்ஃபக்ஸ் ஆகிய எண்ணெய் வயல்களில் குளுட்டரல்டிகைட்டை நிறுத்திவிட்டு நைத்திரேற்றைச் சேர்க்கத் தொடங்கினார்கள். குல்ஃபக்ஸில் உலோக அரிப்பு ஆண்டுக்கு 0.7 மில்லிமீற்றரிலிருந்து 0.2 மில்லிமீற்றராகக் குறைந்தது. அளவு தவறக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். நைத்திரேற்று போதாமற் போனால் சல்பைட்டு அரைகுறையாக ஒட்சியேறித் தனிக் கந்தகம் உண்டாகும். அது உருக்கை இன்னும் மோசமாக அரிக்கும்.

கட்டுப்படுத்துதல் என்றுதான் சொல்கிறேன். ஒழித்தல் என்று சொல்லவில்லை. டென்மார்க்கின் கரையோரக் கடல்களை ஆராய்ந்த போ பார்க்கர் யோர்கென்சன், கரையோரச் சேற்றில் மக்கிப்போகும் சேதனப் பொருளில் ஏறத்தாழப் பாதியை இந்தப் பற்றீரியாக்களே உக்கவைக்கின்றன என்று காட்டினார். கண்டல் இலையும் செத்த மீனும் பாசியும் திரும்பவும் கடலுக்குப் பயன்படுவது இவற்றின் உழைப்பால். பரவைக்கடலின் சேற்றில் அவை இருக்கவேண்டும். குழாய்க்குள்ளும் தாங்கிக்குள்ளும் படகின் அடித்தட்டுக்குள்ளும் அவை பெருகுவதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில், உலகெங்கும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐதரசன் சல்பைட்டு வளியைவிடப் பாரமானது, பள்ளத்தில் தேங்கும். மில்லியனில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் மில்லியனில் 100 பங்கை எட்டும்போது மணக்கும் நரம்பே செயலிழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து ஆள் உள்ளே இறங்குவார். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மலக்குழி, நெடுநாள் மூடிக்கிடந்த தாங்கி, அழுகிய மீனும் கடல்நீரும் தேங்கிய படகறை எதுவானாலும், திறந்து காற்றோட்டம் கொடுத்து, வாயுமானியால் அளந்து பார்க்காமல் ஒருவரையும் இறக்க விடாதீர்கள். விழுந்தவரைக் காப்பாற்ற வெறுமனே இறங்கவும் விடாதீர்கள். நாற்றம் இல்லை என்பது அவதானம். வாயு இல்லை என்பது அனுமானம். இரண்டும் வேறு.

கடைசியாக, இங்கே இருக்கும் தங்கைமாருக்கு ஒரு சின்னப் பரிசு கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு வெறும் சோடாப் போத்தல்கள். உருசிய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880களில் கையாண்ட முறை இது. பரவைக்கடற் கரைச் சேற்றோடு கிழித்த பத்திரிகைத் துண்டு, பொடித்த முட்டைக்கோது, அவித்த முட்டையின் மஞ்சட்கரு கொஞ்சம் ஆகியவற்றைக் கலந்து பாதிக்குமேல் நிரப்புங்கள். மேலே கடல்நீர் விடுங்கள். மூடியை இறுக்காமல் வையுங்கள். யன்னலோரம், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துவிட்டு விடுங்கள். சில கிழமையில் அடி கறுக்கும். சில மாதத்தில் அந்தச் சல்பைட்டை உண்டு ஒளியில் வாழும் வேறு பற்றீரியாக்கள் பச்சையாகவும் ஊதாவாகவும் படை படையாகத் தோன்றும். இரண்டாவது போத்தலில் எல்லாம் அப்படியே. கூடுதலாக ஆய்வுகூட அலுமாரியிலுள்ள பொற்றாசியம் நைத்திரேற்றில் ஒரு தேக்கரண்டி. இரண்டும் எப்போது கறுக்கின்றன என்று திகதி போட்டு எழுதுங்கள். மூக்கை வைத்து மணந்து பார்க்க வேண்டாம்.

ஒருவேளை உங்கள் போத்தல் கறுக்காமலே போகலாம். ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள். "போத்தல் கறுக்கவில்லை" என்று அவர் எழுதியிருந்தால் அது சரியான விடை. ஏன் கறுக்கவில்லை என்று அடுத்த பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சேறு மேலாக எடுத்ததா, உணவு போதவில்லையா, நன்னீர் கலந்துவிட்டதா என்று தேடட்டும். நான் அந்தப் பக்கத்தை எழுதாமல் கையொப்பம் வைத்தவள்.

என் கொப்பியில் சிவப்பு மையால் வெட்டிய ரீச்சர் இன்று நம்மோடு இல்லை. நூறு வருடமாக இந்தப் பாடசாலையில் அப்படிக் கொப்பி பார்த்த எல்லா ஆசிரியர்களுக்கும் என் நன்றியைச் சொல்லி அமர்கிறேன்.